நாலு தரம் சுற்றும் இடம்

மகளே, இதை யாருக்கும் காட்டாதே. உன் சிநேகிதிகளுக்குக் காட்டாதே, உன் அப்பாவுக்குக் காட்டாதே, உன் அம்மம்மாவுக்குக் காட்டவே காட்டாதே. உன் அம்மம்மா என்று நான் சொல்வது என் அம்மாவை. அவர் இப்போது குசினியில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்து அறையில் போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். எனக்குப் பதினாறு வயது. நீ இன்னும் பிறக்கவில்லை. நீ மகளா மகனா என்றுகூடத் தெரியாது. மகள் என்று நானே வைத்துக்கொண்டேன், ஏனென்றால் ஒரு மகன் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இந்தக் கடிதம் அவனுக்குத் தேவைப்படாது.

பிறக்காத ஒருவருக்கு ஏன் கடிதம் என்று நீ கேட்கலாம். டயரி எழுதினால் அம்மா வாசித்துவிடுவார், இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. ஆனால் கடிதம் என்றால் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. யாருடைய பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் பிரிக்கவேண்டும். அப்பாவுக்கு வரும் தண்ணீர் பில்லைக்கூட அவர் பிரிக்காமல் மேசையில் வைத்துவிடுவார். அதனால் இதை உன் பெயருக்கு எழுதுகிறேன். உன்னைவிடப் பாதுகாப்பான ஆள் இந்தக் கொழும்பில் எனக்குத் தெரியவில்லை. நீ வளர்ந்து, ஒரு நாள் பெட்டி கட்டிக்கொண்டு எங்கேயாவது புறப்படுவாய். அன்றைக்கு இதை உன் கையில் தருவேன். அதற்குள் நான் அம்மாவைப் போல் ஆகியிருந்தால், ஆகியிருப்பேன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அப்போதும் இதை எழுதியது நான்தான் என்று நினைத்துக்கொள்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் கிளார்க். காலை ஆறரைக்குப் போய் மாலை ஆறரைக்கு வருவார். வாரத்தில் ஆறு நாள் அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய கூட்டாளிகள் ஏழு எட்டுப் பேர் எங்கள் ஃபிளாட்டுக்கு வருவார்கள். எல்லாரும் ஒரே ஒரு இங்கிலாந்து பேண்டின் ரசிகர்கள். பேண்டின் பெயரை எழுதமாட்டேன். இது யாருடைய கையிலாவது அகப்பட்டால் அந்தப் பெயரை வைத்தே அப்பாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள், வெள்ளவத்தையில் அந்த அளவுக்கு அவர் பிரபலம். அந்த பேண்டுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. ஒன்பது நிமிடம். மற்ற எல்லாப் பாட்டும் அந்தப் பாட்டுக்கு வந்து சேர்வதற்கான ரோட்டு என்று அப்பா சொல்வார். முதல் ஒரு நிமிடம் டிரம் மட்டும், தூரத்தில் யாரோ தகரத்தைத் தட்டி வேலை செய்வது மாதிரி. பிறகு குரல். ஆறாவது நிமிடத்தில் எல்லாம் ஒதுங்கிவிடும், கிற்றார் மட்டும் தனியே மேலே ஏறும். அந்த இடத்தை சோலோ என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சட்டங்கள் உண்டு. வந்தவுடன் எல்லாருடைய ஃபோனும் வெறும் சோற்றுப் பானைக்குள் போகவேண்டும். ரெக்கோட் சுற்றும்போது கதைக்கக்கூடாது. கடற்கரை ரயில் போனால் அப்பா எழுந்து சத்தத்தைக் கூட்டுவார், ரயில் போனதும் குறைப்பார். பேண்டின் இரண்டாவது பாடகரைப் பற்றிப் பேச்செடுக்கக்கூடாது, ஏனென்றால் அதில் ஒருமுறை இரண்டு அங்கிள்மார் நாலு மாதம் கதைக்காமல் இருந்தார்கள். அம்மா உளுந்து வடையும் பிளேன் டீயும் கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டு, அந்தப் பாட்டுத் தொடங்கும்போது எழுந்து குசினிக்குப் போய்விடுவார். ஒவ்வொரு முறையும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அந்தப் பாட்டைக் கூடத்தில் இருந்து கேட்டதே இல்லை. அவருக்கு அது பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

இனி முக்கியமான விசயம். அப்பாவிடம் இருந்த ரெக்கோட்டில் ஒரு கீறல் இருந்தது. சரியாக சோலோவின் நடுவில். ஊசி அந்த இடத்துக்கு வந்ததும் முன்னால் போகாது. ஐந்து ஒலிகள் கொண்ட ஒரு துண்டை, தாம், தாம், தகதாம் என்று, திரும்பத் திரும்ப வாசிக்கும். நாலு தரம் சுற்றும். பிறகு தானாகவே தாண்டி மேலே போகும். அந்த இடம் வரும்போது எல்லா அங்கிள்மாரும் கண்ணை மூடி வலது கையைத் தூக்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரலாக நீட்டுவார்கள். நாலாவது விரல் நீண்டதும் எல்லாரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். கோயிலில் தீபம் காட்டும்போது ஆட்கள் விடுவார்களே, அந்த மூச்சு. உண்மையான பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை, ஒரு தரம்தான் வரும் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவர்களுக்கு அது நாலு தரம்தான்.

இது வீட்டுக்குள் மட்டும் இருந்த விளையாட்டு இல்லை. வருடத்தில் ஒருமுறை அவர்கள் வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் எடுத்து, கொட்டாஞ்சேனை பேண்ட் ஒன்றைக் கொண்டு அந்தப் பாட்டுகளை வாசிக்கவைப்பார்கள். அதில் கிற்றார் வாசித்தவர் ரெஜி அங்கிள். அப்பாவின் கூட்டாளி, என் வகுப்பில் படிக்கும் ஷெரினின் அப்பா. அவர் மேடையிலும் நாலு தரம்தான் வாசிப்பார். மண்டபம் முழுக்க விரல்கள் எழும்பும். தமிழர், சிங்களவர், முஸ்லிம், பறங்கியர், எங்கள் ரெக்கோட்டை வாழ்க்கையில் பார்த்திராதவர்கள்கூட. களனியிலிருந்து வரும் நிமல் அங்கிளை அவருடைய மகன் மெல்பேர்னுக்குக் கூப்பிட்டு, அந்த உண்மையான பேண்டையே நேரில் பார்க்க வைத்தான். திரும்பி வந்து அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "சோலோ வந்தது, நான் கையைத் தூக்கினன் மச்சாங். ஒண்டு. அவனுகள் நிப்பாட்டாம போயிட்டானுகள். அத்தனை சனத்துக்குள்ள நான் ஒரு விரலோட நிக்கிறன்." அப்பா கேட்டார், "பிறகு?" நிமல் அங்கிள் தலையை ஆட்டினார். "பிறகு என்ன. பாவம், அவனுகளுக்கு அவனுகட பாட்டே ஒழுங்காத் தெரியாது."

மின்சாரம் அடிக்கடி நின்ற வருடத்தில் ஒரு ஞாயிறு, பாட்டுத் தொடங்கி இரண்டாவது நிமிடத்திலேயே கரண்ட் போய்விட்டது. ரெக்கோட் முனகிக்கொண்டு நின்றது. யாரும் எழும்பவில்லை. அப்பா பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கினார். ஒரு அங்கிள் பாடினார், இன்னொருவர் வாயாலேயே கிற்றார் வாசித்தார். மிச்சம் இருந்த ஏழு நிமிடத்தையும் இருட்டுக்குள் வாயால் முடித்தார்கள். நாலு சுற்றும் இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா மெழுகுதிரியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், எங்களுக்கு முதுகைக் காட்டி. அடுத்த நாள் நான் கிற்றார் பழகவேண்டும் என்று கேட்டேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார், "இந்த வீட்டுக்கு ஒரு ஆள் காணும், ரெண்டு வேண்டாம். நீ படி." அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பரீட்சை முன்னால் நின்றது.

மகளே, உனக்கு இப்போது என் பிழையைச் சொல்லவேண்டும். பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதத்தில் தாங்கள் செய்த பிழையையும் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். என் அம்மா அப்பா எனக்கு அப்படி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்த வீட்டில் எத்தனையோ விசயம் லேசாகியிருக்கும்.

போன வருடம் அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு கொடுக்க நினைத்தேன். லண்டனில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்டு அதே ரெக்கோட்டின் புதுப் பிரதி ஒன்றை எடுப்பித்தேன். கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பழையதன் உறை நாலு பக்கமும் கிழிந்து, மூலையெல்லாம் டேப் ஒட்டி, கரப்பான் மணம் வீசும். புதியது வந்த பிறகு பழையது ஏன் என்று நினைத்தேன். எங்கள் ஒழுங்கைக்குச் சனிக்கிழமை காலையில் "போத்தல் பத்தர" என்று கூவிக்கொண்டு பழைய சாமான் எடுக்கிறவர் வண்டியோடு வருவார். வெறும் போத்தல்களோடும் பத்திரிகைக் கட்டோடும் அந்த ரெக்கோட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நங்கி, தங்கச்சி, இதையும் தருகிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். ஒவ், ஆம் என்றேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். இரண்டாம் முறையும் ஒவ் என்றேன்.

அடுத்த நாள் கடைசி ஞாயிறு. எல்லாரும் வந்துவிட்டார்கள். ஃபோன்கள் பானைக்குள் போய்விட்டன. அப்பா அலுமாரியைத் திறந்து புது உறையைப் பார்த்தார். வெளியே எடுக்காமல் அதன் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆர் அனுப்பினது?"

"சித்தப்பா. உங்கட பிறந்தநாளுக்கு. நான்தான் கேட்டனான்."

"பழசு?"

"போத்தல்காரரிட்டக் குடுத்திட்டன் அப்பா."

அப்பா என் தலையைத் தடவினார். "நல்லது பிள்ளை. நல்ல பரிசு," என்றார். அவருடைய கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது. புது ரெக்கோட்டைப் போட்டார். ஆறாவது நிமிடம் வந்தது, எல்லாரும் கண்ணை மூடினார்கள், கையைத் தூக்கினார்கள், ஒரு விரல் நீட்டினார்கள். பாட்டு நிற்காமல் போய்விட்டது. எட்டுப் பேர், எட்டு விரல், அந்தரத்தில். யாருக்கும் கையை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு அங்கிள்தான் மெதுவாகச் சொன்னார், "மச்சான், எங்களை விட்டுட்டுப் போறான். நாங்கள் இன்னும் மூண்டு சுத்து பின்னால நிக்கிறம்." எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்போதுதான் அம்மாவைக் கண்டேன். கையில் எண்ணெய்க் கரண்டியோடு குசினி வாசலில் நின்றார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் அந்த வாசலுக்கு வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை. புது ரெக்கோட்," என்றார் அப்பா.

அம்மா ரெக்கோட் பிளேயரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வடை கருகியிருந்தது. ஆனாலும் ஒரு வடைகூட மிஞ்சவில்லை.

அடுத்த சனிக்கிழமை போத்தல்காரரை மறித்துக் கேட்டேன். உறை மட்டைகளோடு போய்விட்டது, தட்டு எங்கே போனதென்று தனக்கே தெரியாது என்றார். இரண்டு தரம் கேட்டேனே நங்கி என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் புது ரெக்கோட்டை ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகப் போட்டார். ஆறாவது நிமிடத்தில் மட்டும் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார், அல்லது மூடுவார்.

இதில் இருந்து உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். யாராவது ஒரு பொருளை மிகவும் நேசித்தால், அதில் எதை நேசிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பரிசு கொடு. அப்பா பாட்டை நேசிக்கிறார் என்று நான் நினைத்தேன். பாட்டை யாரும் எங்கும் வாங்கலாம். அந்தக் கீறலைத்தான் வாங்கமுடியாது.

இனி அந்த நாலு சுற்றும் ரெஜி அங்கிளின் விரல்களில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஆள் தப்பிவிட்டார், நடக்கிறார், கதைக்கிறார். ஆனால் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. இந்த வருட நிகழ்ச்சியில் கிற்றார் சோலோ இல்லை, அந்த இடத்தைக் கீபோட்டில் வாசிப்பார்கள் என்று முடிவாயிற்று. அப்பா அதை வீட்டில் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் நான் அம்மாவிடம் பொய் சொன்னேன். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஷெரின் வீட்டில் சேர்ந்து படிக்கப்போகிறோம் என்றேன். அம்மா ஷெரினின் கணித மார்க்ஸைக் கேட்டார், நல்ல மார்க்ஸ் என்றதும் சரி என்றார். ஷெரின் வீட்டில் நாங்கள் படிக்கவில்லை. முன்னறையின் மூலையில் துணி போர்த்தியிருந்த கிற்றாரை எடுத்துக்கொண்டு நான் பின்பக்கம் போய்விடுவேன். ஃபோனில் அந்த சோலோவை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு ஒலியாகத் தேடிக் கண்டுபிடிப்பேன். ஷெரின் மதிலில் இருந்து கணக்குச் செய்வாள், என் கணக்கையும் அவளே செய்வாள். ஐந்து மாதம். விரல் நுனி வெடித்து, தோல் உரிந்து, பிறகு காய்த்துப்போனது. அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன இது?" என்றார். பேனை பிடித்து வந்தது என்றேன். அவர் பிடித்திருந்தது இடது கை, நான் எழுதுவது வலது கையால். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அன்றையிலிருந்து என் பயம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, முதல்தரமாக முழு சோலோவையும் பிழையில்லாமல் வாசித்து முடித்தேன். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ரெஜி அங்கிளின் குரல் வந்தது. "பிழை."

அவர் நித்திரை என்று நினைத்திருந்தேன். பயத்தில் கிற்றார் மதிலில் இடித்தது.

"இல்லை அங்கிள், ஒரிஜினல்ல இப்பிடித்தான்."

"ஒரிஜினல் ஆருக்கு வேணும்?" திரையை விலக்கிக்கொண்டு சாரத்தோடு வந்து கதிரையில் இருந்தார். "எனக்குச் சொல்லித்தரத் தெரியாது மகள், கேக்காத. அந்த நாலையும் போடு. இல்லாட்டி கிற்றாரை வெச்சிட்டுக் கணக்கைச் செய்."

நான் நாலு தரம் வாசித்தேன். அவர் விரல் தூக்கவில்லை. மடங்காத அந்த இரண்டு விரலையும் தொடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "ரெக்கோட்டைக் கீறினது ஆரெண்டு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"உன்ட அம்மா."

கல்யாணம் முடிந்து இரண்டாவது மாதம் என்று அவர் சொன்னார். அம்மா ஒரு ஞாயிறு காலையில் ரெக்கோட் பிளேயரைத் துடைக்கப்போய், ஊசி தட்டில் இழுபட்டிருக்கவேண்டும், அன்றைக்கு அதைத் தொட்டவர் அவர் மட்டும்தான். பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. "பின்னேரம் நாங்கள் எல்லாரும் இருக்கிறம். பாட்டு அந்த இடத்தில வந்து சுத்துது. உன்ட அம்மா வாசல்ல நிண்டா. முகத்தில இரத்தம் இல்லை. புதுப் பொம்பிளை, புருசன்ட உயிரைக் கீறிப்போட்டு நிக்கிறா. உன்ட அப்பன் அவவைப் பாத்தான். பாத்திட்டு என்ன செய்தான் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி விரலை எண்ணத் தொடங்கினான். என்னவோ பெரிய சங்கீதம் மாதிரி. நாங்களும் தூக்கினம். நாலு முடிஞ்ச உடனே, 'மச்சான், இது முந்தியதை விட நல்லாயிருக்கு' எண்டான். அதில தொடங்கினதுதான் எல்லாம். பிறகு நான் மேடையில வாசிச்சன், சனம் பிடிச்சிட்டுது."

"அம்மாவுக்கு அது தெரியுமா அங்கிள்?"

"அவன் சொல்லியிருக்க மாட்டான். சொன்னா, கீறினது ஒரு விசயம் எண்டு ஆகிடுமே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோட்டையில் இறங்கி அடுத்த பஸ் எடுக்கவேண்டும் என்பதையே மறந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா அம்மாவைக் காப்பாற்றத்தான் விரலைத் தூக்கினார். ஆனால் அம்மா தலைகுனிந்து குசினிக்குள் போய்விட்டார். இருபது வருடமாக அந்த விரல்கள் தன்னைக் கேலி செய்கின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வடை சுட்டுக் கொடுத்துவிட்டு, தன் பிழையை எண்ணுகிறவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கிப்போயிருக்கிறார். அப்பா, அம்மாவுக்குப் பாட்டு பிடிக்காது என்று நினைத்திருக்கிறார். இருவரும் மற்றவர் நோகக்கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. புது ரெக்கோட் போட்ட அன்று அம்மா ஏன் வாசலுக்கு வந்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. குசினிக்குள் முதுகைக் காட்டி நின்றும் அவர் இத்தனை வருடமும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றைக்கு மூன்று குறைந்தது அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அந்தக் கீறலை அப்பாவே கடைசியில் தூக்கி எறிந்துவிட்டார் என்று அவர் நினைத்திருக்கலாம். எறிந்தது நான்.

மகளே, நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. ஷெரின் கிற்றாரைக் கொண்டுவருவாள். ஆறாவது நிமிடத்தில் கீபோட் ஒதுங்கிக்கொள்ளும் என்று ரெஜி அங்கிள் பேசி வைத்திருக்கிறார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு இரவு அவர் மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கிறார், அங்கேயே படுத்துவிட்டு நாளைக்குத்தான் வருவார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் வாசிக்காவிட்டால் கீபோட் அந்த இடத்தை ஒரிஜினலில் உள்ளபடி ஒரு தரம் வாசித்துவிட்டுப் போய்விடும், மண்டபம் முழுக்க ஒற்றை விரலோடு நிற்கும். அதோடு அந்த நாலு சுற்றும் முடிந்துபோகும்.

ஆனால் அம்மாவுக்கு உண்மை தெரியாமல் அதை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பிழையை அவருடைய மகளே மேடையில் ஏறி நாலு தரம் சொல்வது மாதிரி இருக்கும். நேரே சொல்லவும் பயம். அம்மா அடிக்கமாட்டார். கதைக்காமல் இருப்பார். அது எனக்கு அடியைவிடக் கூட. அதனால் இன்றைக்குப் பின்னேரம் ஒரு துண்டில் எழுதினேன். "அம்மா, சனிக்கிழமைகளில் நான் படிக்கப் போகேல்லை, கிற்றார் பழகினனான். பழைய ரெக்கோட்டைக் குடுத்தது நான், அப்பா இல்லை. நீங்கள் கீறினதை அப்பா ஒருநாளும் பகிடி பண்ணேல்லை. உங்களை ஆரும் பிழையாப் பாக்கக்கூடாது எண்டுதான் விரல் தூக்கினவர், ரெஜி அங்கிள் சொன்னவர். நாளைக்கு நான் அதை வாசிக்கப்போறன். நீங்கள் வாங்கோ. நீங்கள் வராட்டி நான் வாசிக்கமாட்டன்." அதை நிகழ்ச்சி டிக்கட்டோடு சேர்த்து மடித்து உளுந்து இருக்கும் தகரப் பேணிக்குள் வைத்துவிட்டேன். நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு வருடமும் அம்மாதான் வடை செய்து அனுப்புவார், அவர் மட்டும் போகமாட்டார். முதல் நாள் படுக்கப்போகும் முன் உளுந்து ஊறப்போடுவார். வேறு யாரும் அந்தப் பேணியைத் திறக்கமாட்டார்கள்.

இப்போது உனக்கு விளங்கும், நான் ஏன் நித்திரை கொள்ளாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. குசினியில் பைப் இன்னும் ஓடுகிறது. இரண்டு தரம் எழுந்து போய் அந்தத் துண்டைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு தரமும் அம்மா பேணிக்குப் பக்கத்தில் நின்றார்.

பயத்தைக் குறைக்க உனக்கு வேறு ஏதாவது சொல்கிறேன். நீ யாரையாவது கல்யாணம் செய்வதென்றால் ஒரு பைத்தியமாவது உள்ள ஆளாகப் பார். பாட்டு, பட்டம், மீன் பிடிப்பது, எதுவும் பரவாயில்லை. தன் உயிரான ஒன்றை நீ கீறிவிட்டால் அவன் முதலில் உன் முகத்தைப் பார்க்கிறானா, கீறலைப் பார்க்கிறானா என்று கவனி. உன் முகத்தைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் அவன் உனக்காகச் செய்ததை உனக்குச் சொல்லவும் வேண்டும். அதையும் கேட்டு வாங்கு. நீ எனக்குப் பொய் சொன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன், உன் கையைப் பார்ப்பேன். கண்டுபிடித்தாலும் சும்மா விட்டுவிடாமல் கேட்கவேண்டும் என்று எனக்கு நானே இங்கே எழுதி வைக்கிறேன். நான் கேட்காவிட்டால் இந்தப் பக்கத்தை எனக்குக் காட்டு. யாருக்கும் காட்டாதே என்று தொடக்கத்தில் சொன்னேன். எனக்கு மட்டும் காட்டலாம்.

பைப் நின்றுவிட்டது.

பேணி மூடி இறுகிப்போயிருக்கும், அம்மா கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறப்பார். அந்தச் சத்தம் கேட்டது. உளுந்து கொட்டும் சத்தம் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. ரயில் ஒன்று போகிறது. அது போய் முடிந்த பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் எடுக்க அதில் அவ்வளவு எழுதவில்லையே. இரண்டாம் தரம் வாசிக்கிறார் போல.

குசினி வெளிச்சம் அணைந்துவிட்டது. செருப்புச் சத்தம் என் பக்கம் வருகிறது. கதவடியில் நிற்கிறார். தட்டுகிறார். அம்மா எப்போதும் ஒரே ஒரு தரம்தான் தட்டுவார், தட்டிவிட்டுத் திறந்துகொண்டு வந்துவிடுவார். இது அப்படி இல்லை. விரலால், மெதுவாக, ஐந்து தட்டு. டக், டக், டகடக். திறக்கவில்லை. திரும்பவும் அதே. டக், டக், டகடக். திறக்கவில்லை. திரும்பவும். மகளே, மூன்று முடிந்துவிட்டது, நாலாவது